மொதல்ல மணி சொல்லுங்க

எங்கள் ஸ்டேஷனில் இப்போது இருக்கிற உதவி ஆய்வாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். "மேடம், ஆன்லைன் மோசடியில ஏமாந்தவங்க ஒடனே என்ன செய்யணும்னு ஒரு துண்டறிக்கை போடுறோம். நீங்க அந்த மேசையிலயே இருந்தவங்க. அஞ்சு வரி எழுதிக் குடுங்க போதும்" என்றார். ஐந்து வரிதானே என்று நானும் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம் பிறர் சொல்லச் சொல்லப் புகார் எழுதிய கைக்கு ஐந்து வரியில் நிற்கத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியதைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இது மிச்சம்.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது என்று அவர் நினைப்பது என் சர்வீஸை வைத்து. நான் அப்படி நினைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டியிருக்கிறது, அதனால் கடைசியில் சொல்கிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. புதுச்சேரியில் வெயிலில் ஓடினோம், கயிறு ஏறினோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம், மறந்தோம். காரைக்காலுக்குத் திரும்பிய முதல் வாரமே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, லத்தியை வாங்கி மூலையில் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ரைட்டர். வருகிற புகாரையெல்லாம் கேட்டு எழுதிப் பதிவு செய்கிற வேலை. வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, திருநள்ளாற்றில் சனிக்கிழமை கூட்டத்தில் போன சங்கிலி என்று எழுதிக் கொண்டிருந்தவளை, கடைசி ஏழு வருடம் சைபர் மேசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போது கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் சீட்டு விளையாட்டுதான்.

ஆரம்பத்தில் நாங்கள் அந்த வேலையை எவ்வளவு மோசமாகச் செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்காலில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். கருக்களாச்சேரி மீனவர் ஒருவர், செல்லையன் என்று பெயர், பழைய படகு எஞ்சின் விலைக்கு வருகிறது என்று ஃபோனில் விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்தார். அனுப்பும்போது அவர் நின்ற இடம் நாகூர். எங்கள் ஆட்கள், "நீ நின்ன எடம் தமிழ்நாடு, அங்க போய்க் குடு" என்றார்கள். அங்கே போனால், "ஒன் வீடு புதுச்சேரி எல்லையில இருக்கு, அங்கயே குடு" என்றார்கள். மனிதர் இரண்டு நாள் பஸ்ஸிலேயே இருந்தார்.

மூன்றாவது தடவை அவர் எங்களிடம் வந்து நின்றபோது, புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் சாருக்கு அது இரண்டாவது நாள். செல்லையன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். யாரையும் திட்டவில்லை. என் மேசைக்கு வந்து, "ஏட்டம்மா, பணம் எல்லை பாத்தா போச்சு? மொதல்ல எழுதுங்க. எல்லைய அப்பறம் நான் தேடிக்கிறேன்" என்றார். எழுதினேன். ஆனால் இரண்டு நாள் தாமதம் தாமதம்தான். செல்லையனுக்கு ஒரு காசு திரும்பவில்லை. அவர் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டு, இந்த மேசைக்கு இனிமேல் என்ன முறை என்று சொன்னார். அதைத்தான் நான் ஓய்வு பெறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

புகார் கொடுக்க வருகிறவரை எதிர்நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து நம் பக்கத்தில் போட வேண்டும். திரையை அவரும் பார்க்க வேண்டும். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் பிறகு. முதலில் பணம் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டு, தாளின் உச்சியில் அதை எழுத வேண்டும். உடனே தேசிய உதவி எண்ணுக்கு அடித்து, எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று சொல்ல வேண்டும். களவு போன பணம் ஒரு கணக்கில் தங்காது. அங்கிருந்து நாலு கணக்கு, அதிலிருந்து இன்னும் நாலு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற வழியில் ஏதாவது ஒரு வங்கி அதை நிறுத்தினால்தான் உண்டு. சார் டீகூட உதவி எண்ணுக்கு அடித்த பிறகுதான் வாங்கிவரச் சொல்வார்.

வருகிறவர்கள் யாரும் நேரடியாக மணியைச் சொல்லமாட்டார்கள். தலையில் அடித்துக்கொள்வார்கள், புத்தி கெட்டுப் போச்சு என்பார்கள், வீட்டுக்குத் தெரிந்தால் செத்தேன் என்பார்கள். சார் அவசரப்படாமல் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "வெட்கத்த அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல மணி சொல்லுங்க."

ஒரு கேள்வியை மட்டும் அவர் எங்கள் மேசையில் தடையே செய்துவிட்டார். "இதையெல்லாம் எப்படி நம்புனீங்க?" என்று நான் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரைக் கேட்டுவிட்டேன். வாத்தியார் போனதும் சார் சொன்னார், "அந்தக் கேள்விய அவரு வீட்ல நூறு தடவ கேட்டிருப்பாங்க ஏட்டம்மா. அதைத் திரும்பக் கேக்குறதுக்கு நம்மளுக்கு எதுக்குச் சம்பளம்?" எனக்குச் சுருக்கென்றது. அப்போது கொஞ்சம் கோபமும் வந்தது.

இனி திலகவதி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை அவளும் அவள் அப்பா கலியபெருமாளும் வந்தார்கள். ஊர் விழிதியூர். அப்பாவுக்கு விவசாயம். பெண் நர்ஸிங் படித்துவிட்டுத் தனியார் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அந்தச் சரிபார்ப்புத் தாள் எங்கள் ஸ்டேஷனில் என் டிரேயில்தான் இருந்தது.

அவள் கையில் வேறொரு தாள் இருந்தது. வடக்கே ஒரு மாநிலத்துப் போலீஸ் அனுப்பிய நோட்டீஸ். அங்கே பலரை ஏமாற்றிய பணம் திலகவதியின் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது, பதினைந்து நாளில் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. கணக்கையும் முடக்கியிருந்தார்கள்.

"மொதல்ல மணி சொல்லுங்கம்மா" என்றார் சார், பழக்கத்தில்.

"மணி இல்ல சார். ரெண்டு மாசமாச்சு" என்றாள்.

"சரி, அப்ப தேதி சொல்லுங்க."

சொன்னாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்று ஃபோனில் வந்திருக்கிறது. நியமன உத்தரவு, அடையாள அட்டை எல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். முன்பணம் என்று அவள் சேமிப்பிலிருந்து பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டார்கள். பிறகு, மற்ற ஊழியர்களின் சம்பளம் உன் கணக்குக்கு வரும், அதைப் பிரித்து அனுப்புவதுதான் வேலை என்றிருக்கிறார்கள். நான்கு நாள் செய்தாள். ஐந்தாம் நாள் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டாள். அவள் பிரித்து அனுப்பியது யார் யாரோ பறிகொடுத்த பணம்.

இவள் ஏமாந்தவள்தான் என்று எனக்கும் சாருக்கும் தெரிகிறது. ஆனால் தூரத்து ஊரில் தாளை வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு இவள் கூட்டுக் களவாணி. அப்படி ஒரு வழக்கில் பெயர் ஏறினால் அரசு வேலை போயிற்று. உள்ளேயே போட்டாலும் கேட்பதற்கில்லை.

"அவங்க கூடப் பேசுனது, அனுப்புனது எல்லாம் ஃபோன்ல இருக்குல்ல? ஃபோனக் குடுங்கம்மா" என்றார் சார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாதான் பதில் சொன்னார், அதுவும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு: "அதத் தலைமுழுகியாச்சுங்கய்யா. புள்ளைக்கு ஏழரை நடக்குது. சனிக்கெழம திருநள்ளாறு கூட்டிட்டுப் போயி, எண்ண தேச்சு, நளன் குளத்துல முழுக்குப் போட வச்சு, கட்டியிருந்த துணியோட அந்தச் சனியன் புடிச்ச ஃபோனையும் சேத்துப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. கெட்ட காலத்தில் உடுத்தியிருந்த துணியைக் குளத்தங்கரையில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தால் பீடை அதோடு போகும் என்பது நம்பிக்கை. கழற்றியதைத் திரும்பத் தொடக் கூடாது. நானும் அப்படிப் போட்டுவிட்டு வந்தவள்தான், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதனால் கலியபெருமாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை மீட்கக்கூடிய ஒரே சாட்சியை அவர் பீடையோடு சேர்த்து மூட்டை கட்டிப் போட்டிருந்தார்.

சார் ஒரு நிமிடம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

குளத்தங்கரையில் விழுகிற துணிகளை அன்றன்றைக்கே அள்ளிப் போய்விடுவார்கள். அவற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் குவித்து வைத்திருந்தார். மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்றார். உள்ளே போனதும் நல்லெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. வேட்டி, சேலை, சட்டை, குழந்தைகளின் கால்சட்டை எல்லாம் ஈரமும் எண்ணெயுமாக ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தன. ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தின் கஷ்டம் அத்தனையும் அங்கே இருந்தது. இதற்குள் ஒரு மாம்பழ மஞ்சள் நிறச் சுடிதாரைத் தேட வேண்டும்.

கூட வந்த இரண்டு காவலர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நானும்தான் நின்றேன், ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு ஜாதகத்தில் நேரம் சரியில்லை, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரார் பீடையை வாரி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. குத்தகைக்காரர்கூட, "சார், நாங்க வயித்துப் பொழப்புக்குத் தொடுறோம். ஒங்களுக்கு எதுக்கு இது?" என்றார்.

சார் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக் குவியலில் இறங்கினார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நிமிடம் தனியாகத் துணியை எடுத்து எடுத்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

திலகவதி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். அப்பா பதறிப்போய், "தொடாத பாப்பா! திரும்ப ஒட்டிக்கும்!" என்று கையைப் பிடித்தார்.

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுதுப்பா" என்றாள். அதுவரை அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "நான் ஏமாந்தேன்னு ஊரு சொல்லட்டும். நான் ஏமாத்துனேன்னு யாரும் சொல்லக் கூடாது."

கையை விடுவித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் நான் எப்படி நிற்பது? முருகா என்று நானும் இறங்கினேன். காவலர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கலியபெருமாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்று துணியை உதறிக்கொண்டிருக்கிறார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. மஞ்சள் துணி ஒவ்வொன்று வரும்போதும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்போம். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். இப்படியே மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

அவள்தான் கண்டெடுத்தாள். சுடிதார் சுருட்டிய மேனிக்கு இருந்தது. பிரித்தால் உள்ளே ஃபோன், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் மூன்று சுற்றுச் சுற்றி. அதைப் பார்த்ததும் சார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "எறியிறப்பகூட நனையக் கூடாதுன்னு நெனச்சிருக்கீங்க பாருங்க, அங்கதாம்மா நீங்க பொழச்சீங்க" என்றார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஸ்டேஷனுக்கு வந்து சார்ஜ் போட்டதும் ஃபோன் உயிர் பிடித்தது. எல்லாம் இருந்தது. "இது யார் பணம் சார்?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். அவர்கள் மிரட்டிய குரல் பதிவுகள் இருந்தன. ஐந்தாம் நாள் அவள் கடைசியாக அனுப்பியிருந்த செய்தி: "எனக்கு இந்த வேலை வேண்டாம். இது யாருடைய பணமாக இருந்தாலும் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." மறுநாள் அந்தச் செய்தி லாரியில் போயிருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து அவள் வாக்குமூலத்தைத் தேதிவாரியாக எழுதினேன். நான் எழுதி முடித்ததையெல்லாம் சார் புகார்தாரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். எங்கே அவர்கள் முகம் சுருங்குகிறதோ அங்கே நிறுத்தி, என்ன தப்பு என்று கேட்பார். நான் ஓரிடத்தில் "அறியாமையால்" என்று எழுதியிருந்தேன். திலகவதி முகம் சுருங்கியது. சார் பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அடித்தார். "நர்ஸிங் படிச்ச பொண்ணு. என்ன அறியாமை? என்ன நடந்துச்சோ அத மட்டும் எழுதுங்க ஏட்டம்மா."

வடக்கே இருந்த அதிகாரியோடு தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சார் முக்கால் மணி நேரம் ஃபோனில் பேசினார். "ஹை" வருகிற இடத்திலெல்லாம் "ஹை" போட்டுவிட்டால் இந்தி என்பது அவர் எண்ணம். ஆனாலும் அந்த அதிகாரிக்குப் புரிந்தது. எல்லாப் பதிவுகளையும் அனுப்பினோம். பிறகு நானே திலகவதியையும் அப்பாவையும் ரயிலில் அழைத்துப் போனேன். அங்கே ஒரு நாள் முழுக்க விசாரித்தார்கள். முடிவில் அவளைக் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் சேர்க்கவில்லை. சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். அந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் கலியபெருமாள் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் அவரைப் பார்க்காத மாதிரி நின்றோம்.

சரிபார்ப்புத் தாளில் சார் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நாலு வரியில் எழுதி, அங்கிருந்து வந்த கடிதத்தையும் இணைத்து அனுப்பினார். வேலை உத்தரவு மூன்று மாதம் பிந்தி வந்தது. வந்ததும் கலியபெருமாள் ஸ்டேஷனுக்கு வந்து, பீடையைத் தொட்ட எல்லோரும் இன்னொரு தடவை நளன் குளத்தில் முழுகிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சார் மட்டும், "நான் வரலீங்க, என் ஃபோன் புதுசு" என்றார்.

என் மகளுக்கு அந்த வருடமே நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்தது. போன மாதம் நானே ஏமாந்துவிட்டேன்.

ஓய்வூதியக்காரர்கள் வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். என் சான்று பதிவாகவில்லை, இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று ஒருவன் ஃபோனில் சொன்னான். என் பெயர், பதவி, ஓய்வு பெற்ற மாதம் எல்லாம் சரியாகச் சொன்னான். அவன் அனுப்பியதைத் திறந்தேன். அவ்வளவுதான். பணம் போகிறது, போகிறது என்று வங்கியிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின.

பணம் என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு அதிலேயே நினைப்பு இருக்கும். போனதில் பெரும்பகுதி வழியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. சொல்ல வேண்டியது அது இல்லை.

ஏழு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்த எனக்கு, உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும் என்று முதலில் தோன்றவே இல்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் தோன்றியது. ஸ்டேஷனில் சிரிப்பார்களே, மருமகன் என்ன நினைப்பார் என்று உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வந்த செய்திகளைப் பார்க்கவே பிடிக்காமல் அழிக்கப் போனேன். "அழிக்கவா?" என்று ஃபோன் கேட்டது. அப்போதுதான் அந்தத் தகரக் கொட்டகையும் மஞ்சள் சுடிதாரும் ஞாபகம் வந்தன. அழிக்கவில்லை. ஸ்டேஷனைக் கூப்பிட அப்போதும் வாய் வரவில்லை. திலகவதியைக் கூப்பிட்டேன்.

அவள் வார்டில் டூட்டியில் இருந்தாள். நான், "திலகா, எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுடி" என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, வெட்கத்த அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல மணி சொல்லுங்க."

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. "பணம் போனது பதினொன்னு இருவது" என்றேன்.

"இருவது நிமிஷந்தானே ஆவுது. எதையும் அழிக்காதீங்க. ஃபோன்ல நெட்ட நிறுத்திட்டு, எதுத்த வீட்டு ஃபோன வாங்கி உதவி எண்ணுக்கு அடிங்க. நான் லீவு சொல்லிட்டு வந்துகிட்டே இருக்கேன்."

எதிர்வீட்டம்மா என்னை எப்போதும் "போலீஸ்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவர் வாசலில் போய் நின்று, ஏமாந்துவிட்டேன், ஃபோன் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றார். மறுமுனையில் ஒரு பெண் நேரத்தையும் தொகையையும் குறித்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் பெயர் என்ன என்று கேட்டாள். புகார்ப் படிவத்தில் எத்தனையோ பேர் பெயரை நான் எழுதிய கட்டம் அது.

"மங்கையர்க்கரசி" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்: "தலைமைக் காவலர், ஓய்வு."